வீட்டில் நகை செய்வோர் கவனத்திற்கு: கடும் திராவகத்திற்கு மாற்றான பாதுகாப்பான கழுவல் முறைகள்

முக்கியக் குறிப்புகள்

• பற்றவைத்த நகையின் மேல் படியும் கருமையை நீக்க நைட்ரிக் அமிலமோ கந்தக அமிலமோ தேவையில்லை. சிட்ரிக் அமிலம், படிகாரம், புளி போன்ற மென்மையான அமிலப் பொருள்கள் மிதமான சூட்டில் அதே வேலையைச் செய்யும்.
• மென்மையான அமிலமும் அமிலமே. கண்ணையும் தோலையும் காத்துக்கொள்வது எந்தக் கரைசலுக்கும் பொருந்தும்.
• சயனைடு உப்பு உள்ள இடத்தில் எந்த அமிலத்தையும், எலுமிச்சைச் சாற்றையோ புளிக்கரைசலையோ கூட, பயன்படுத்தக் கூடாது. உயிர்க்கொல்லி வாயு வெளிப்படும்.
• நைட்ரிக் அமிலத்தின் பழுப்பு நிறப் புகையைச் சுவாசித்தவர், அப்போது நலமாக உணர்ந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அமிலக் கழுவல் என்றால் என்ன?

வெள்ளி, பொன், செம்பு, பித்தளை ஆகியவற்றால் செய்யப்படும் நகைகளை நெருப்பில் சூடேற்றிப் பற்றாசு கொண்டு இணைக்கும்போது, அவற்றின் மேற்பரப்பில் இரண்டு வகைப் படிவுகள் உண்டாகின்றன. ஒன்று, உலோகத்தில் கலந்துள்ள செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து உருவாக்கும் கரிய அல்லது செந்நிற ஆக்சைடு. மற்றொன்று, பற்று நன்கு ஓடுவதற்காகத் தடவப்படும் வெண்காரம் உருகிக் கண்ணாடிபோல் இறுகிய படிவு.

இவ்விரண்டையும் கரைத்து, உலோகத்தின் இயல்பான நிறத்தை வெளிக்கொணர நகையை அமிலக் கரைசலில் ஊறவைப்பது பொற்கொல்லர்களின் நெடுநாள் வழக்கம். பயிற்சி நூல்களில் இது பிக்கிளிங் எனப்படுகிறது. இப்பக்கத்தில் இதனை அமிலக் கழுவல் என்று குறிப்பிடுகிறோம்.

தூய வெள்ளியும் தூய பொன்னும் நெருப்பில் கறுப்பதில்லை. அவற்றுடன் கலக்கப்படும் செம்பே கறுக்கிறது. 92.5 விழுக்காட்டு வெள்ளியில் எஞ்சிய 7.5 விழுக்காடு பெரும்பாலும் செம்பாகும். 22 காரட் பொன்னில் 91.6 விழுக்காடு பொன் இருப்பதால் அதில் படியும் கருமை குறைவு. 18 காரட் பொன்னில் கூடுதல். நீங்கள் கழுவ வேண்டிய படிவின் அளவு உங்கள் உலோகக் கலவையைப் பொறுத்தது.

சேலத்தில் வெள்ளிக் கொலுசுத் தொழிலும் கோயம்புத்தூரில் பொன் நகைத் தொழிலும் பெருமளவில் சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் நடைபெறுகின்றன. அண்மைக் காலத்தில் பொழுதுபோக்காகவும் சிறு வருமானத்திற்காகவும் வீட்டிலேயே நகை செய்யக் கற்போரும் உள்ளனர். குடும்பத்தினர் உண்டு உறங்கும் கூரையின் கீழேயே அமிலமும் இருக்கும் சூழலில் எவற்றைத் தவிர்க்க வேண்டும், எவற்றைப் பயன்படுத்தலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

கடும் அமிலங்களால் நேரும் தீங்குகள்

நைட்ரிக் அமிலம். இது உலோகத்துடன் வினைபுரியும்போது நைட்ரஜன் டைஆக்சைடு என்னும் பழுப்பு நிற வாயு வெளிப்படுகிறது. இவ்வாயு தொண்டையைக் கடுமையாக எரிக்காமலே நுரையீரலின் ஆழத்தை அடையக்கூடியது. சுவாசித்த வேளையில் சிறு இருமலும் கண்ணெரிச்சலும் மட்டுமே இருந்து அவை தணிந்தும் விடலாம். அதன் பின்னர்ச் சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாளுக்கும் மேல் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். மாலையில் வேலை முடித்து நலமாகப் படுத்தவர் நள்ளிரவில் உயிருக்கு ஆபத்தான நிலையை அடைவதற்கு இத்தாமதமே காரணம். இவ்வமிலம் தோலில் பட்டால் அவ்விடம் மஞ்சளாக மாறிப் புண்ணாகும்.

கந்தக அமிலம். அடர்ந்த கந்தக அமிலத்தில் நீர் சேர்க்கப்பட்டால் பெரும் வெப்பம் உண்டாகி, கரைசல் கொதித்துத் தெறிக்கும். தெறித்த துளி கண்ணில் பட்டால் பார்வை நிரந்தரமாக இழக்கப்படலாம். நீர்த்த அமிலமும் துணியில் பட்டு உலரும்போது நீர் ஆவியாகி அமிலம் அடர்வதால், சிறிது நேரம் கழித்துத் துணியும் அதன் அடியிலுள்ள தோலும் வெந்துபோகும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம். இதன் ஆவி மூக்கையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். அறையிலுள்ள இரும்புக் கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்யும்.

இவற்றுக்கு மேலாக, வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கப்படும் அமிலத்தை நீர் என்று எண்ணிக் குழந்தைகளும், இருளில் தாகத்துடன் எழும் பெரியவர்களும் அருந்திவிடுகின்றனர். ஒரு வாய் அடர்ந்த அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கி, ஆறிய பின்னும் அதனைச் சுருங்கச் செய்து, உணவை விழுங்க இயலாத நிலையை ஏற்படுத்தக்கூடும். பெயர் எழுதி ஒட்டுவது எழுத்தறியாக் குழந்தையைக் காக்காது. அமிலத்தை வீட்டிற்குள் கொண்டுவராமல் இருப்பதே உறுதியான காப்பு.

கடும் அமிலம் உண்மையில் தேவைதானா?

தேவையில்லை. செம்பு ஆக்சைடு பெரும்பாலான அமிலங்களில் கரையக்கூடிய பொருள். அதன் படலமோ மிக மெல்லியது. அமிலத்தின் கடுமை, கரையும் விரைவைக் கூட்டுகிறதே தவிர, வேறெந்தச் சிறப்பையும் தருவதில்லை. அந்த விரைவை வேறு வழியிலும் பெறலாம். பெரும்பாலான வேதிவினைகள், 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது ஏறத்தாழ இரு மடங்கு விரைவு பெறுகின்றன என்பது தோராயமான விதி. 30 பாகையில் உள்ள மென்மையான கரைசலை 60 பாகைக்குச் சூடேற்றினால், அது ஏறத்தாழ எட்டு மடங்கு விரைவாகச் செயல்படும் என எதிர்பார்க்கலாம். கடுமைக்குப் பதிலாக மிதமான சூட்டையும் சற்றுப் பொறுமையையும் பயன்படுத்துவதே மாற்று முறைகள் அனைத்திற்கும் அடிப்படை.

மற்றொரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். வெள்ளியை அளவுக்கு மீறிச் சூடேற்றும்போது, ஆக்சிஜன் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே ஊடுருவிச் சாம்பல் கலந்த ஊதாநிறத் திட்டுகளை உண்டாக்கும். இத்திட்டுகளின் மேல் வெள்ளிப் படலம் மூடியிருப்பதால், கழுவலில் பயன்படும் நீர்த்த அமிலம் எதுவும் அவற்றை எட்டுவதில்லை. அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தே எடுக்க வேண்டும். கழுவிய பின்னும் திட்டு மறையவில்லை என்பதற்காக அமிலத்தின் கடுமையைக் கூட்டுவது பயனற்றது. குறைந்த நேரம் சூடேற்றுவதும், சூடேற்றும் முன் நகை முழுவதும் வெண்காரக் குழம்பை மெல்லிதாகப் பூசுவதும் இத்திட்டுகளைக் குறைக்கும்.

மாற்றுக் கரைசல்கள்

1. சிட்ரிக் அமிலம். எலுமிச்சை உப்பு என்ற பெயரில் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெண்ணிறப் படிகம் இதுவே. உணவில் சேர்க்கப்படுவது, மணமற்றது, மிதமான சூட்டில் எரிச்சலூட்டும் ஆவியை வெளியிடாதது. வீட்டுப் பயன்பாட்டிற்கு இதனையே முதலில் பரிந்துரைக்கிறோம். கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். நெடுநாள் வைத்திருந்தால் கரைசலில் பூஞ்சை வளரும்.

2. படிகாரம். நம் நாட்டுப் பொற்கொல்லர்கள் நெடுங்காலமாக அறிந்த பொருள். ஒரு லிட்டர் வெந்நீரில் ஏறத்தாழ 100 கிராம் படிகாரத்தைக் கரைத்து, சூடாக இருக்கும்போது பயன்படுத்தலாம். சிட்ரிக் அமிலத்தைவிட மெதுவாகச் செயல்படும். ஆறும்போது படிகாரம் மீண்டும் படிகங்களாகப் படியக்கூடும். மறுபடி சூடேற்றினால் கரைந்துவிடும்.

3. புளிக்கரைசல். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கும்போது நிகழ்வதும் இதுவே. மெல்லிய கருமைக்கும் இறுதித் துலக்கலுக்கும் ஏற்றது. தடித்த வெண்காரப் படிவிற்கு இது மட்டும் போதாது.

4. வினிகரும் உப்பும். சமையல் வினிகரில் ஏறத்தாழ 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் உள்ளது. ஒரு கோப்பை வினிகருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு என்ற அளவில் கலந்தால் செம்பும் பித்தளையும் விரைவில் தூய்மையாகும். ஆனால் சூடேற்றும்போது எழும் ஆவி மூக்கையும் கண்ணையும் உறுத்தும். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நன்று. நீண்ட நேரம் ஊறவிட்டால் பித்தளையின் மேற்பரப்பு அரிக்கப்படலாம்.

5. சோடியம் பைசல்பேட். நகைத் தொழிலுக்கான பொடியாகவும், நீச்சல் குளத்து நீரின் காரத்தன்மையைக் குறைக்கும் பொருளாகவும் விற்கப்படுகிறது. திரவ அமிலத்தைவிடக் கையாள எளிது, விரைவாகச் செயல்படும். எனினும் இதன் கரைசல் இப்பட்டியலில் உள்ள மற்றவற்றைவிட மிகவும் கடுமையானது. கண்ணுக்குப் பெருங்கேடு விளைவிக்கவல்லது. பொடியின் தூசி மூக்கில் ஏறாமல் கவனமாக அள்ள வேண்டும். தனி அறையும் பாதுகாப்புக் கருவிகளும் உள்ள அனுபவசாலிகளுக்கே இது பொருந்தும். சிறுவர்கள் உள்ள வீட்டிற்குச் சிட்ரிக் அமிலமே உகந்தது.

சிட்ரிக் அமிலக் கழுவல்: செய்முறை

தேவையானவை: சிட்ரிக் அமிலம் 100 கிராம், நீர் 1 லிட்டர், வெப்பம் தாங்கும் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம், மூடியுடன், செம்பு, மூங்கில் அல்லது பிளாஸ்டிக் இடுக்கி, சமையல் சோடா, இரண்டு கிண்ணங்களில் தூய நீர், பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை.

1. சன்னல்களைத் திறந்து வையுங்கள். கண்ணாடியையும் கையுறையையும் அணியுங்கள்.
2. பாத்திரத்தில் முதலில் நீரை ஊற்றி, அதில் சிட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரையுங்கள். எந்த அமிலமாயினும் நீரில் அமிலத்தைச் சேர்ப்பதே முறை. அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.
3. பாத்திரத்தை, வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்திற்குள் வைத்துச் சூடேற்றுங்கள். 50 முதல் 60 பாகை செல்சியஸ் போதுமானது. விரல் வைக்க முடியாத சூடு, ஆனால் குமிழி எழாத நிலை என்று புரிந்துகொள்ளலாம். விரலை வைத்துச் சோதிக்க வேண்டாம், வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். கொதிக்க விடாதீர்கள்.
4. பற்றவைத்த நகையை முதலில் தனி நீரில் ஆறவையுங்கள். ஆறிய நகையையே கரைசலில் இறக்குங்கள்.
5. மூடி வையுங்கள். 10 முதல் 30 நிமிடங்களில் கருமை நீங்கி, வெள்ளி பனிபடர்ந்ததுபோல் மங்கிய வெண்மை பெறும். வெண்காரப் படிவு தடிப்பாக இருந்தால் இன்னும் நேரமாகலாம்.
6. நகையை எடுத்து முதல் கிண்ண நீரில் அலசுங்கள். பின்னர் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் சில நிமிடங்கள் வைத்து, மீண்டும் தூய நீரில் அலசுங்கள். உள்ளீடற்ற குண்டுகளிலும் குழல்களிலும் அமிலம் தங்கிவிடக்கூடும் என்பதால் அவற்றைச் சோடா நீரில் கூடுதல் நேரம் வையுங்கள்.
7. மென்மையான பித்தளைத் தூரிகையாலும் பூந்திக்கொட்டை நீராலும் தேய்த்தால் பளபளப்பு மீளும்.

கரைசல் நாளடைவில் நீலம் கலந்த பச்சை நிறம் பெறும். கரைந்த செம்பே அதற்குக் காரணம். நிறம் அடர்ந்து, வேலையின் விரைவு வெகுவாகக் குறைந்த பின் புதிய கரைசல் தயாரியுங்கள்.

மென்மையான அமிலத்திலும் செய்யக் கூடாதவை

சயனைடு அருகில் வேண்டாம். பொன் நகைக்கு மெருகேற்றவும் முலாம் பூசவும் சில பட்டறைகளில் சயனைடு உப்புகள் கையாளப்படுகின்றன. இவ்வுப்பின் கரைசலில் எந்த அமிலம் கலந்தாலும் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிப்பட்டுச் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடும். சமையலறைப் பொருள்தானே என்று எண்ணி, சயனைடில் முக்கிய நகையை அலசாமல் சிட்ரிக் கரைசலிலோ புளிநீரிலோ போட வேண்டாம். இரண்டிற்கும் ஒரே கிண்ணத்தையோ ஒரே கழிவு வாளியையோ பயன்படுத்தவும் வேண்டாம். சயனைடை வீட்டில் வைத்திருப்பதையே தவிர்க்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடருடன் கலக்க வேண்டாம். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். பயன்படுத்திய கரைசலை, பிளீச்சிங் பவுடர் தூவிய கழிவறையில் ஊற்றுவதும் இதே ஆபத்தைத் தரும்.

பழுக்கக் காய்ந்த நகையைக் கரைசலில் போட வேண்டாம். கரைசல் தெறிப்பதோடு, அமிலம் நுண்துளிகளாகக் காற்றில் பரவி நுரையீரலை அடையும். பட்டறைகளில் விரைவு கருதிச் செய்யப்படும் இப்பழக்கத்தை வீட்டில் பின்பற்றாதீர்கள்.

இரும்புப் பொருள் படக் கூடாது. இரும்பு இடுக்கியோ கட்டுக்கம்பியோ கரைசலில் பட்டால், கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் செந்நிறப் படலமாகப் படியும். இது உடல்நலத்திற்குக் கேடன்று. ஆயினும் உழைப்பு வீணாகும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அமிலம் அலுமினியத்தை அரிக்கும். கழுவலுக்குப் பயன்படுத்திய எந்தப் பாத்திரத்தையும் மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சிட்ரிக் அமிலம் உண்ணத்தக்கது; செம்பும் பற்றாசிலுள்ள பிற உலோகங்களும் கரைந்த சிட்ரிக் அமிலம் நஞ்சு.

முத்தும் பவளமும் பதித்த நகையை ஊறவிட வேண்டாம். இவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை, வினிகரிலும் கரையும். கல் பதிக்கும் முன்பே கழுவலை முடித்துவிடுங்கள்.

பணியிட ஒழுங்கு

• சமையலறையிலும் படுக்கையறையிலும் இவ்வேலையைச் செய்யாதீர்கள். காற்றோட்டமுள்ள தாழ்வாரமோ, இரு புறமும் சன்னல் உள்ள தனி அறையோ ஏற்றது.
• கரைசல் சூடாக இருக்கும்வரை அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள். சிறுவர்களையும் வளர்ப்பு விலங்குகளையும் அருகில் விடாதீர்கள்.
• கைக்கெட்டும் தொலைவில் நீர்க்குழாயோ ஒரு வாளி தூய நீரோ இருக்கட்டும்.
• கரைசலை உணவு, பானப் புட்டிகளில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். அகன்ற வாயுள்ள தனிச் சாடியில் ஊற்றி, பெயரும் தயாரித்த நாளும் எழுதி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.
• துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் அமில ஆவியைத் தடுப்பதில்லை. ஆவி எழாத முறையைத் தேர்ந்தெடுப்பதும் காற்றோட்டமுமே காப்பு.
• வேலை முடிந்ததும், உண்பதற்கு முன்பும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

பயன்படுத்திய கரைசலை என்ன செய்வது?

கரைசலில் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். நுரை பொங்கும். நுரை எழுவது நின்றால் அமிலம் சமனாகிவிட்டது என்று பொருள். ஆனால் செம்பு அதில் இன்னும் இருக்கிறது. செம்பு, மீன் உள்ளிட்ட நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஆகவே கிணறு, குளம், மழைநீர் வடிகால், செடித்தொட்டி ஆகியவற்றில் ஊற்றாதீர்கள். அகன்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வெயிலில் வற்றவைத்து, எஞ்சும் வண்டலை மூடிய டப்பாவில் சேர்த்து வையுங்கள். வீட்டின் அபாயகரக் கழிவாகத் தனியே பிரித்து உள்ளாட்சித் தூய்மைப் பணியாளரிடம், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லி ஒப்படையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கடும் அமிலம் இருந்தால்

அதனைக் கழிவறையிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள். நீர் சேர்த்துக் குறைக்கவும் முயலாதீர்கள். மூடியை இறுக்கி, நிமிர்ந்த நிலையில், பூட்டிய இடத்தில் வைத்து, வாங்கிய விற்பனையாளரிடம் திருப்பி ஏற்குமாறு கேளுங்கள். இயலாவிடில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் வழிகாட்டுதல் பெறுங்கள்.

அமில விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அமில வீச்சுக் குற்றங்களைத் தடுக்கும் நோக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று பிறப்பித்த ஆணையின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு அமிலம் விற்கக் கூடாது. வாங்குவோர் அரசு வழங்கிய புகைப்பட அடையாளச் சான்றைக் காட்டி, வாங்கும் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். விற்பனையாளர் பதிவேடு பராமரிக்க வேண்டும்.

வீட்டில் செய்யவே கூடாத பணிகள்

• நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களைக் கலந்து இராஜ திராவகம் தயாரித்துப் பொன்னைப் பிரித்தெடுத்தல்.
• சயனைடு கொண்டு மெருகேற்றுதல், முலாம் பூசுதல்.
• காட்மியம் கலந்த பற்றாசினால் பற்றவைத்தல். காட்மியப் புகை நுரையீரலையும் நாளடைவில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எந்தக் கழுவல் முறைக்கு மாறினாலும் இத்தீங்கு குறையாது. காட்மியம் இல்லாத பற்றாசு என்று கேட்டு வாங்குங்கள்.

முதலுதவி

தோலில் பட்டால்: அமிலம் பட்ட ஆடையையும் அணிகலன்களையும் உடனே அகற்றுங்கள். ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் தொடர்ந்து கழுவுங்கள். தோலின் மேல் சமையல் சோடாவைத் தூவ வேண்டாம். பற்பசை, மஞ்சள், மாவு, பேனா மை எதையும் தடவ வேண்டாம். கொப்புளமோ நிறமாற்றமோ இருந்தால் மருத்துவரைக் காணுங்கள்.

கண்ணில் பட்டால்: இமைகளை விரல்களால் திறந்து பிடித்து, குறைந்தது 20 நிமிடங்கள் தூய நீரால் கழுவுங்கள். கழுவிய நீர் மற்றொரு கண்ணில் விழாதவாறு தலையைச் சாயுங்கள். எரிச்சல் தணிந்தாலும் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவமனைக்கு விரைவதற்காகக் கழுவும் நேரத்தைக் குறைக்காதீர்கள். முதல் சில நிமிடக் கழுவலே பார்வையைக் காக்கிறது.

ஆவியைச் சுவாசித்தால்: உடனே திறந்தவெளிக்கு வாருங்கள். பழுப்பு நிறப் புகையாயின், தொந்தரவு இல்லாவிடினும் மருத்துவமனைக்குச் சென்று, நைட்ரிக் அமிலப் புகை என்று தெளிவாகக் கூறுங்கள். சயனைடு கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், மயங்கியவரை மீட்க அவ்வறைக்குள் நுழையாதீர்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், அமிலம் மேலேறும்போது உணவுக்குழாய் இரண்டாம் முறை வேகும். சோடா நீரோ முட்டையின் வெண்கருவோ கொடுக்காதீர்கள். வாயை நீரால் கொப்பளித்துத் துப்பச் செய்து, புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

அணிந்து கறுத்த வெள்ளிக் கொலுசுக்கும் இம்முறை பயன்படுமா?
பயன்படாது. நாளடைவில் அணியும் வெள்ளியில் படியும் கருமை ஆக்சைடு அன்று. கந்தகத்துடன் சேர்ந்து உருவாகும் வெள்ளி சல்பைடு. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் சேர்த்து, கொலுசு அத்தாளில் படுமாறு சில நிமிடங்கள் வைத்தால் கருமை நீங்கும். சிறிது துர்நாற்றம் எழும்; சன்னலைத் திறந்து வையுங்கள். அமிலம் தேவையில்லை.

கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கலாமா?
பித்தளையின் மேல் படியும் செந்நிறச் செம்புப் படலத்தை நீக்கச் சிலர் சேர்ப்பதுண்டு. பெராக்சைடு சேர்ந்தால் கரைசல் உலோகத்தையே கரைக்கும் அளவிற்குக் கடுமையாகிறது, சூடேற்றினால் பொங்கும், மூடி வைத்தால் வாயு நிரம்பிப் பாத்திரம் வெடிக்கவும் கூடும். தொடக்கநிலையினர் தவிர்த்து, அப்படலத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள்.

கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்யலாமா?
பற்றவைக்கும் புகையையும் உலோகம் கரைந்த கரைசலையும் கருவுற்ற காலத்தில் தவிர்ப்பதே நன்று. கோத்தல், பின்னுதல், வடிவமைத்தல் போன்ற பணிகளைத் தொடரலாம். ஐயம் இருப்பின் உங்கள் மருத்துவரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

மென்மையான கரைசலால் நாளொன்றுக்குச் செய்யும் நகைகளின் எண்ணிக்கை குறையாதா?
ஒரு நகை கூடுதல் நேரம் ஊறும். ஆனால் பல நகைகளை ஒரே நேரத்தில் ஊறவைக்கலாம். காலையில் பற்றவைத்தவற்றை ஒன்றாக இறக்கிவிட்டு, அவை ஊறும் நேரத்தில் அடுத்த நகையை அறுக்கவும் அராவவும் செய்யலாம். வேலையின் வரிசையை மாற்றினால் இழப்பு பெரிதாக இராது.

உதவிக்கு

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
தேசிய நச்சுத் தகவல் மையம், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், புதுதில்லி (கட்டணமில்லா எண்): 1800 116 117

இவ்வெண்களை ஒரு தாளில் எழுதி, நீங்கள் நகை செய்யும் இடத்தின் சுவரில் ஒட்டி வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கேனும் முதலுதவி முறைகளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்பக்கத்தில் தரப்பட்டுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. காயமோ நச்சுத் தாக்கமோ நேர்ந்தால் மருத்துவரின் நேரடிச் சிகிச்சைக்கு இவை மாற்றாகா.